போன் மாப்பிள்ளை கையில், குளிர் மாமியாருக்கு

கேள்வி: எங்கள் மகள் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறாள். போன குளிர்காலத்தில் அவள் பேறுகாலத்துக்கு நானும் என் கணவரும் போயிருந்தோம். வீட்டைச் சூடாக்க கேஸ் பாய்லர், அதை நடத்த சுவரில் ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட். எல்லாமே மாப்பிள்ளையின் போனில். ஜனவரியில் ஒருநாள் நெட் போய்விட்டது. மாப்பிள்ளை லண்டனில் வேலையாக இருந்தார். மகள் போனில் அந்த ஆப்பே இல்லை. சுவரில் இருந்த பெட்டியை அமுக்கினோம், தட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். இப்போது அதை மாற்றப் போகிறார்களாம். "அப்பா மின்வாரியத்தில் இருந்தவர்தானே, எது நம்பகமானது என்று விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள்" என்கிறாள். பேரனின் முதல் பிறந்தநாளுக்கு டிசம்பரில் மறுபடி போகிறோம். கழற்றுகிற பழையதை மதுரைக்குக் கொண்டுவந்து பாத்ரூம் ஹீட்டரில் மாட்டிக்கொள்ளலாமா என்றும் என் கணவர் கேட்கிறார்.
வாசகி, கே.கே. நகர், மதுரை

பதில்: வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, பழைய ஞாபகமும் வந்தது. சிம்மக்கல்லில் ஹீட்டர் சர்வீஸ் கடை போடுவதற்கு முன்னால் ஒன்பது வருஷம் நானும் இங்கிலாந்துப் பக்கம்தான் இருந்தேன். வீடு வீடாகப் போய் பாய்லர் கண்ட்ரோல் மாட்டுகிற வேலை. "பெட்டி வேலை செய்யவில்லை" என்று கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள். மாட்டச் சொன்ன பிள்ளைகள் ஆபீசில் இருப்பார்கள்.

நம் ஊரில் பாய்லர் என்றால் டீக்கடை முகப்பில் திருநீற்றுப் பட்டையோடு நிற்கும் செம்பு பாய்லர்தான். அங்கே பாய்லர் என்பது சமையலறை அலமாரிக்குள் சுவரில் தொங்கும் வெள்ளைப் பெட்டி. கேஸை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கும். அந்தத் தண்ணீர் பைப் வழியாக ஒவ்வொரு அறையிலும் சுவரோரம் நிற்கும் ரேடியேட்டர் என்ற உலோகத் தகட்டுக்குள்ளும் ஓடி, ஆறி, திரும்பி வரும். குழாயில் வரும் வெந்நீரையும் அதே பெட்டி கொடுத்தால் அதற்குக் காம்பி பாய்லர் என்று பெயர். தெர்மோஸ்டாட்டின் வேலை ரொம்பச் சின்னது. அறை குளிர்ந்தால் பாய்லரிடம் "வேணும்" என்று சொல்ல வேண்டும், சூடானால் "போதும்" என்று சொல்ல வேண்டும். ஸ்மார்ட், ஆப், வீட்டை விட்டுக் கிளம்பினால் தானாகக் குறைத்துக்கொள்வது எல்லாம் அதற்குமேல் போட்ட ஜரிகைதான்.

முதலில் அந்த ஜனவரி நாளைப் பார்ப்போம். பெரும்பாலான செட்டில் பெட்டி ஒன்றல்ல, இரண்டு. சுவரில் இருப்பது அறையின் சூட்டைப் பார்த்துச் சொல்லும். பாய்லருக்குப் பக்கத்தில் ரிசீவர் என்று இன்னொரு சின்னப் பெட்டி இருக்கும். உண்மையில் ஸ்விட்ச் போடுவது அதுதான். இரண்டும் ரேடியோ அலையில் பேசிக்கொள்ளும். நெட் போனால் இந்தப் பேச்சு நிற்கக் கூடாது. நின்றிருந்தால் சுவர்ப் பெட்டியில் பேட்டரி தீர்ந்திருக்கலாம். இல்லை, யார் கையும் தெரியாமல் படக் கூடாது என்று மாப்பிள்ளை ஆப்பில் லாக் போட்டிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் எல்லாக் கட்டளையும் வெளியில் இருக்கும் சர்வர் வரை போய்த் திரும்பி வருகிற மாதிரி அமைந்த மாடலாக இருக்கலாம். எதுவானாலும், பல ரிசீவர்களில் கையால் ஹீட்டிங்கைப் போட ஒரு பொத்தான் உண்டு. அதை ஒருமுறை அமுக்கியிருந்தால் உங்களுக்கு ஸ்வெட்டரே தேவைப்பட்டிருக்காது. யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மாப்பிள்ளையைக் குறை சொல்லவில்லை. அங்கே மாட்டிக் கொடுக்கிற ஆளே பல பேர் இதைச் சொல்வதில்லை.

அதனால் உங்கள் மகள் கேட்ட "எது நம்பகமானது" என்பதை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்வேன். நெட் போனாலும், போன் போனாலும், செய்த கம்பெனியே அந்தச் சரக்கைக் கைவிட்டாலும், வீட்டில் இருக்கிற ஆள் சுவரில் கை வைத்துத் திருகினால் வீடு சூடாக வேண்டும். இது நடக்காத பெட்டியை எத்தனை நட்சத்திரம் போட்டு விற்றாலும் வாங்க வேண்டாம்.

கம்பெனி கைவிடுவதா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. 2011-இல் வந்து இந்த வியாபாரத்தையே மாற்றியது நெஸ்ட் கம்பெனியின் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட். 2014-இல் அந்தக் கம்பெனியை கூகுள் வாங்கியது. 2025 ஏப்ரலில் கூகுள் ஓர் அறிவிப்பு விட்டது: முதல் இரண்டு தலைமுறை நெஸ்ட் லேர்னிங் தெர்மோஸ்டாட்டுகளுக்கும், ஐரோப்பாவில் 2014-இல் வந்த மாடலுக்கும் அந்த வருஷம் அக்டோபர் 25-உடன் ஆப் தொடர்பு நிற்கும், ஐரோப்பாவுக்குப் புது நெஸ்ட் தெர்மோஸ்டாட் இனி வராது. நல்லவேளை, சுவரில் கையால் திருகினால் அவை தொடர்ந்து வேலை செய்யும். அதாவது ஸ்மார்ட் போய்விட்டது, தெர்மோஸ்டாட் மிஞ்சியது. வாங்கும்போதே அந்த மிஞ்சுகிற பகுதி எப்படி இருக்கிறது என்று பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

கடையில் வாங்குவதற்கு முன்னால் மகள் பார்க்க வேண்டியது தெர்மோஸ்டாட்டை அல்ல, பாய்லரை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காசு போவதும் மிச்சமாவதும் இங்கேதான்.

நீங்கள் சாம்பார் வைக்கிறீர்கள். கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, ஆறினதும் மறுபடி பற்ற வைத்து, கொதித்ததும் மறுபடி அணைப்பீர்களா? சிம்மில் வைப்பீர்கள். சாதாரண தெர்மோஸ்டாட் பாய்லரை முதல் வகையில்தான் நடத்தும். முழுசாகப் போடு, முழுசாக அணை, மறுபடி போடு. பாய்லருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் பொதுவாக ஒரு பாஷை இருந்தால் "இன்னும் ஒரு டிகிரிதான் வேணும், சிம்மில் வை" என்று சொல்ல முடியும். அப்படி ஒரு பொதுப் பாஷைதான் ஓப்பன்தெர்ம். இரண்டே வயர், அதில் பேச்சு முழுவதும் நடந்துவிடும். தீ சின்னதாக நீண்ட நேரம் எரியும், வீட்டுச் சூடு ஏறி இறங்காது, கேஸும் குறையும்.

சிம்மில் வைத்தால் கேஸ் ஏன் குறைய வேண்டும் என்று உங்கள் கணவர் கேட்பார், மின்வாரியத்துக்காரர் ஆயிற்றே. அங்கே 2005-இலிருந்து மாட்டுகிற கேஸ் பாய்லரெல்லாம் பெரும்பாலும் கண்டென்சிங் வகை. கேஸ் எரிந்து வரும் புகையில் நீராவி இருக்கும். ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால், அந்த ஆவி உள்ளேயே தண்ணீராக மாறித் தன் சூட்டையும் கொடுத்துவிட்டுப் போகும். தண்ணீர் அதைவிடச் சூடாகத் திரும்பினால் அந்தச் சூடு புகைக்குழாய் வழியாக ஆகாயத்துக்குத்தான். பல வீடுகளில் பாய்லரிலிருந்து போகும் தண்ணீரை 75, 80 என்று வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். காம்பி பாய்லர் வைத்திருப்பவர்கள் இதை 60 டிகிரிக்குக் குறையுங்கள் என்று 2022 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் அரசே பிரசாரம் செய்தது. பாய்லர் முகப்பில் ரேடியேட்டர் படம் போட்ட குமிழோ பொத்தானோ இருக்கும், அதைக் குறைத்தால் போதும், ஒரு பைசா செலவில்லை. ரேடியேட்டர் கையைச் சுடாது, வீடு சூடாகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். புதுத் தெர்மோஸ்டாட் வாங்குவதற்கு முந்தின நாள் மகளை இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். குழாய் வெந்நீருக்குத் தனியாகத் தொட்டி இருக்கிற வீடாக இருந்தால் மட்டும் இதில் கை வைக்க வேண்டாம். அந்தத் தொட்டித் தண்ணீர் 60 டிகிரியாவது இருந்தால்தான் அதில் கிருமி வளராது.

சரி, பாஷை விஷயம். எல்லா பாய்லருக்கும் ஓப்பன்தெர்ம் தெரியாது. வைலண்ட் கம்பெனிக்கு இபஸ் என்று ஒன்று, வூஸ்டர் பாஷுக்கு இஎம்எஸ் என்று ஒன்று, அவரவர் வீட்டுப் பேச்சு. அந்த இரண்டில் ஒன்று மகள் வீட்டில் இருந்தால் அந்தந்தக் கம்பெனியின் சொந்தக் கண்ட்ரோலர்தான் என் சிபாரிசு. அழகில் கொஞ்சம் சுமாராக இருக்கும், ஆப்பும் அப்படித்தான். ஆனால் சிம்மில் வைக்கத் தெரியும், பாய்லர் தகராறு பண்ணினால் என்ன கோளாறு என்று எண் போட்டும் காட்டும். வேறு கம்பெனிப் பெட்டியை மாட்டினால் அது பெரும்பாலும் வெறும் ஆன், ஆஃப் என்று மட்டும் பேசும். அந்தப் பாஷை எங்களுக்கும் வரும் என்று விற்பவர் சொன்னால், இந்த மாடல் நம்பர் பாய்லருக்கு வருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பாய்லருக்கு ஓப்பன்தெர்ம் தெரியும் என்றால் நான் டிரேட்டன் கம்பெனியின் வைசர் என்ற ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டைப் பார்க்கச் சொல்வேன். நேர அட்டவணையை வீட்டில் இருக்கும் ஹப் என்ற பெட்டியிலேயே வைத்துக்கொள்ளும், நெட் இல்லாவிட்டாலும் ஓடும், ஹப்பில் கையால் போடப் பொத்தானும் உண்டு. ஹைவ், டாடோ என்று அங்கே விற்கும் மற்ற இரண்டும் மோசமில்லை. அங்கே பாதித் தெருவில் ஹைவ்தான் இருக்கும். ஆனால் எதை வாங்கினாலும் எந்த வசதி இலவசம், எதற்கு மாதச் சந்தா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆள் வெளியே போனால் தானாகக் குறைக்கிற வசதிக்குச் சந்தா கேட்கிற கம்பெனி உண்டு. நாள் முழுக்க அம்மாவும் பிள்ளையும் இருக்கிற வீட்டுக்கு அந்த வசதியே வேண்டாம்.

"இந்த வம்பே வேண்டாம், திருகுகிற பழைய டயல் ஒன்றை மாட்டிவிடலாம்" என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றும். ஆனால் 2018 ஏப்ரலுக்குப் பிறகு இங்கிலாந்தில் மாட்டிய காம்பி பாய்லராக இருந்தால், கேஸைச் சிக்கனப்படுத்தும் நான்கு ஏற்பாடுகளில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று அங்கே விதி. அந்த வீட்டில் ஸ்மார்ட் கண்ட்ரோலையே அந்த ஒன்றாகக் காட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு வெறும் டயல் போடுவது சரிவராது. பாய்லர் அதற்கு முந்தியது என்றால் டயலுக்கு என் ஓட்டு உண்டு.

இனி மாட்டுவது. மாப்பிள்ளை ஸ்க்ரூடிரைவரை எடுப்பார். எடுக்கட்டும், ஆனால் முதலில் மெயினை அணைத்துவிட்டு, பழைய ரிசீவரின் பின்தட்டில் எந்த வயர் எதில் இருக்கிறது என்று ஒரு போட்டோ. அதில் எல், என், காம், என்ஓ என்று எழுதியிருக்கும். கரண்ட் வரும் எல்லுக்கும் ஸ்விட்ச்சின் பொது முனையான காமுக்கும் இடையே விரல் நீளத்தில் ஒரு துண்டு வயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 230 வோல்ட்டில் ஸ்விட்ச் ஆகும் பாய்லருக்கு அந்த இணைப்பு வேண்டும். குறைந்த வோல்ட்டில் ஸ்விட்ச் ஆகும் பாய்லருக்கு அது இருக்கவே கூடாது. இருந்தால் 230 வோல்ட் நேராகப் பாய்லரின் சர்க்யூட் போர்டுக்குள் போகும். நான் அங்கே போன முதல் வருஷம் நானே அந்தத் துண்டு வயரை எடுக்க மறந்து ஒரு வீட்டில் மெயினைப் போட்டேன். டக் என்று ஒரு சத்தம், அப்புறம் கருகின வாசனை. போர்டுக்கான காசு மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். அதிலிருந்து எந்தப் பெட்டியைத் திறந்தாலும் என் கண் முதலில் போகிற இடம் அதுதான். பாய்லரின் முன்மூடியைத் திறக்கிற வேலை வந்தால் மாப்பிள்ளை அதோடு நிறுத்திக்கொண்டு, கேஸ் வேலைக்கு அனுமதி பெற்றவர்களின் பட்டியலான கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் பெயர் உள்ள ஆளைக் கூப்பிட வேண்டும். பாய்லருக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கான அலாரம் இல்லையென்றால் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் வாங்க வேண்டியது அது.

எங்கே வைப்பது என்பதற்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். நீங்கள் உட்காருகிற அறை, நெஞ்சு உயரம், வெயில் படாத உள்சுவர், பக்கத்தில் ரேடியேட்டரோ டிவியோ இல்லாத இடம். வாசல் நடையில் வைத்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது குளிர்ந்து பாய்லரை எழுப்பிவிடும். அது இருக்கும் அறையில் ரேடியேட்டரிலும் திருகு வால்வு இருந்தால் அதை முழுசாகத் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் வால்வு ஒரு பக்கம் "போதும்" என்று மூடிக்கொள்ளும், தெர்மோஸ்டாட் மறுபக்கம் "வேணும், வேணும்" என்று கத்திக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, இதில் நம் ஆட்கள் எல்லாரும் ஒரே மாதிரி. குளிர்கிறது என்று எண்ணை 30-க்குத் திருகிவிடுவோம். 30 வைத்தால் சீக்கிரம் சூடாகாது அம்மா. எங்கே போய் நிற்க வேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்லும், எவ்வளவு வேகம் என்பதை அல்ல. பெரியவர்கள் இருக்கும் அறைக்கு 20, 21 போதும். 18-க்குக் கீழே போக விடாதீர்கள். ஆனால் பேரன் தூங்கும் அறைக்கு அங்கே சொல்வது 16 முதல் 20 டிகிரி. கைக்குழந்தைக்குக் குளிரைப் போலவே அதிகச் சூடும் ஆபத்து என்பதால் அப்படி. மார்கழியிலும் விடியற்காலம் இருபது டிகிரியை ஒட்டி நிற்கிற மதுரையிலிருந்து போகிறவர்களுக்கு இது மனசு கேட்காது. உங்களுக்கு ஒரு ஸ்வெட்டர் கூட இருக்கட்டும், பிள்ளையின் அறையைச் சூளையாக்க வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் வீடு குளிர்ந்தால் பழியைத் தெர்மோஸ்டாட் மேல் போடுவதற்கு முன்னால் இரண்டு பார்வை. பாய்லரில் அழுத்தம் காட்டும் முள் ஆறின நிலையில் பார் என்ற அளவில் ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள் இருக்க வேண்டும். அடுத்தது வெளிச்சுவரில் ஓடும் பிளாஸ்டிக் பைப். முன்னே சொன்னேனே, ஆவி தண்ணீராகும் என்று, அந்தத் தண்ணீர் வெளியேறும் வழி அது. 2010 டிசம்பர் அங்கே நூறு வருஷத்தில் காணாத குளிர். ஒரு நாளில் பதினான்கு வீடு போனேன், பாதிக்கு மேல் அந்தப் பைப் உறைந்து பாய்லர் தானே நின்றிருந்தது. ஒரு பாட்டி புதுத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். நான் அதைத் தொடவே இல்லை. வெளியே போய் அந்தப் பைப்பில் வெதுவெதுப்பான தண்ணீரை இரண்டு கெட்டில் ஊற்றினேன், பாய்லரை ரீசெட் பண்ணினேன், ஓடியது. கொதிக்கிற தண்ணீர் ஊற்றக் கூடாது, பைப் வெடிக்கும்.

இப்போது உங்கள் கணவரின் கேள்வி. வேண்டாம் சார், அதை அங்கிட்டே விட்டுவிட்டு வாருங்கள். அந்தப் பெட்டி பார்ப்பது அறைக் காற்றின் சூட்டை. நம் ஹீட்டருக்குத் தெரிய வேண்டியது தொட்டிக்குள் இருக்கும் தண்ணீரின் சூடு. அதை கே.கே. நகரில் மாட்டினால், பங்குனி சித்திரையில் அறை 35 டிகிரியில் இருக்கும்போது, "எல்லாம் சூடாகத்தான் இருக்கிறது" என்று ஹீட்டரைப் போடாமல் சும்மா இருக்கும். கரண்ட் கணக்கும் ஒத்துவராது. நம் 2 கிலோவாட் ஹீட்டர் இழுப்பது சுமார் 9 ஆம்பியர். பாய்லருக்குச் சைகை காட்டுவதற்காகச் செய்த சின்ன ரிலே அதைத் தாங்காது.

உங்கள் ஹீட்டருக்கே ஏதாவது செய்ய வேண்டும் என்றால் 16 ஆம்பியர் டைமர் ஸ்விட்ச் ஒன்று போதும். 25 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 55-க்குக் கொண்டுபோக 2 கிலோவாட்டுக்கு 25 நிமிஷம் ஆகும், முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஐந்தரைக்குப் போட்டு ஆறுக்கு அணைகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் பிளக் வாங்கினாலும் 16 ஆம்பியர்தான். பத்து ஆம்பியர் பிளக் உருகிப்போய் என் கடைக்கு வருவது வாரத்துக்கு ஒன்று.

அதைவிட முக்கியம் உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட். உங்கள் பக்கம் போர் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி என்றால் காயிலில் படை படையாகப் பிடிக்கும். ஒன்றரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் பண்ணி, தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் ஆனோடு ராடையும் பார்க்க வேண்டும். அப்படி வருகிற ஆள், "தெர்மோஸ்டாட் போயிருச்சு, கட்அவுட்டும் அடிக்கடி விழுது, டைரக்ட் கொடுத்துட்டேன், ஜம்முனு ஓடும்" என்று சொன்னால் மெயினை அணைத்துவிட்டு உடனே திரும்பக் கூப்பிடுங்கள். சூடு மீறினால் கரண்ட்டை நிறுத்தும் அந்த இரண்டையும் தாண்டி நேராகக் காயிலுக்குக் கரண்ட் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம்; தண்ணீர் கொதித்தாலும் நிறுத்த ஆளில்லாத தொட்டி அது. சேஃப்டி வால்வும் உப்பில் அடைத்துக்கொண்டால் தலைக்குமேல் குண்டு. முந்நூறு, நானூறு ரூபாய் சாமானை மிச்சம் பிடிக்க இதைச் செய்கிறார்கள். கரண்ட் பில் பயத்தில் பாத்ரூமுக்குள் கேஸ் ஹீட்டர் மாட்டலாமா என்ற யோசனை வந்தாலும் விட்டுவிடுங்கள். மூடின பாத்ரூமில் அது எரிந்து கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனைகூட வராது.

கிளம்புவதற்கு முன்னால் மகளிடம் இரண்டு போட்டோ கேட்டு வாங்குங்கள். ஒன்று பாய்லரின் அடியிலோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் மாடல் ஸ்டிக்கர், மூடியைத் திறக்காமல். இன்னொன்று ரிசீவரின் பின்தட்டு, வயரோடு, மெயினை அணைத்துவிட்டு எடுத்தது. அவை கிடைத்தால் எந்தப் பாஷை பேசுகிற வீடு என்று சொல்லிவிடலாம். புதுசு மாட்டின அன்றைக்கே மாப்பிள்ளையை வைஃபையையும் தன் போனையும் அணைக்கச் சொல்லி, நீங்கள் போய்ச் சுவரில் இரண்டு டிகிரி ஏற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடு வரவில்லை என்றால் பில்லோடு கடைக்குத் திருப்பி அனுப்பிவிடலாம்.